கோட்டுக்கு மேலே பதினேழு புள்ளிகள்

முதலில் என் அறிவின்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். ஒரு விமானத்துக்குள் ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தவன் நான். அப்படி மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்த பதினேழு செய்திகளை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அழித்தவனும் நான்தான். திருடனைத் தேடிப் போன போலீஸ்காரர், அவனைக் கண்ணெதிரே பார்த்ததும், "இந்த ஆள் நம்ம ஊர் மாதிரி தெரியலையே" என்று பஸ் ஏற்றி அனுப்பிவைத்த கதை. அப்போது எனக்கு இருபத்தோரு வயது. வயதைக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அதே வயதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூளை வேலை செய்துகொண்டிருந்ததே.

2004இல் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதனிடம் உருப்படியாக இருந்தது பெயர்ப்பலகை ஒன்றுதான், அதையும் இங்கே இழுத்து வந்து கிழிப்பானேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. கல்லூரிப் பேருந்தில் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறோமோ அதுதான் பெயர். நான் கடலூர். என் பக்கத்து இருக்கை மேல்பட்டாம்பாக்கம். நீளம் கருதி பட்டாம்பாக்கம். எதிர்த்திசையிலிருந்து வரும் பேருந்தில் வந்த பெண் புவனகிரி. நாலு வருடமும் அப்படியே. வருகைப்பதிவு எடுக்கும்போது சொந்தப் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் உண்டு.

அந்தக் கல்லூரியில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ரீடிங் அடிப்பதில் நான் மன்னன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையைச் செய்து அளவுகளைக் குறிக்க வேண்டும். நாங்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. புத்தகத்தில் விடை இருக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவுகளை எழுதிவிடுவோம். பிளஸ் டூவிலேயே இதைக் கற்றுக்கொண்டுதான் வருகிறோம். மற்றவர்கள் அடித்த ரீடிங் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், மாட்டிக்கொள்வார்கள். நான் அங்கங்கே கொஞ்சம் பிசகு சேர்ப்பேன். மூன்றாவது அளவு லேசாகக் கூட, ஆறாவது லேசாகக் குறைய. பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டுமல்லவா? பட்டாம்பாக்கம் சொல்வான்: "மச்சான், நீ அடிச்ச ரீடிங்க பாத்தா அந்த மெஷினே வெக்கப்படும்டா." அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இறுதியாண்டு புராஜெக்ட் வந்தது. மூன்று பேர் ஒரு குழு. புவனகிரி எங்களோடு வந்து மாட்டியது அகர வரிசை செய்த சதி. ஊர்ப் பெயர்தான் வேறே தவிர, பதிவேட்டில் எங்கள் மூன்று பேர் பெயரும் அடுத்தடுத்து. தலைப்பை அவளே கொண்டுவந்தாள். விமானத்துக்குள் ஓடும் மின்னணு நெட்வொர்க்கில், செய்தி குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கொடுப்பது எப்படி?

நான் விமானத்தை அருகில் பார்த்ததில்லை. கடலூரில் தலைக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு போவதைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் தலைப்பு எனக்குப் பிடித்தது, அட்டையில் விமானப் படம் போடலாமே. எங்கள் துறைத்தலைவருக்கும் அதே காரணத்துக்காகப் பிடித்தது. எங்களுக்கு வழிகாட்டியும் அவரே. எதற்கும் வழி காட்டமாட்டார், எழுத்துப்பிழையை மட்டும் காட்டுவார்.

"படம் பெருசா போடுங்கப்பா," என்றார். "எக்ஸ்டர்னல் மொத அட்டையத்தான் பாப்பாரு." எக்ஸ்டர்னல் என்பவர் மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர்.

விஷயம் இதுதான். விமானி பிடியை இழுத்தால் அந்தச் சேதி இறக்கைக்குப் போக வேண்டும். உயரம் எவ்வளவு என்ற சேதி திரைக்கு வர வேண்டும். எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக ஒரே கம்பிகளில் போகின்றன. கம்பிகள் கூடும் இடத்தில் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி. வந்தவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக அனுப்பும். அனுப்புகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டால் இத்தனை மில்லி செகண்டுக்கு அடுத்ததை அனுப்பக் கூடாது. இப்படி எல்லோரையும் அடக்கிவைத்தால், பெட்டியில் அதிகபட்சம் எத்தனை பேர் முண்டியடிக்க முடியும் என்று முன்கூட்டியே எண்ணிவிடலாம். எங்கள் கேன்டீனில் இந்த விதி இருந்திருந்தால் நாலு வருடத்தில் எனக்கும் ஒரு சூடான பஜ்ஜி கிடைத்திருக்கும்.

பட்டாம்பாக்கத்துக்கு இதில் ஒரு சந்தேகம். அவனுக்கு வந்த ஒரே தொழில்நுட்பச் சந்தேகம் அதுதான்.

"எல்லாம் சராசரியா சீக்கிரமாத்தானே போவுது? அப்பறம் என்னாத்துக்கு இவ்ளோ கணக்கு?"

புவனகிரி நிமிராமலே சொன்னாள். "ஃபிளைட்டுல போறவன் சராசரியா உயிரோட எறங்குனா போதுமா?"

அவன் அதற்குப் பிறகு பைண்டிங் வேலையை மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

அவள் பங்கு கணக்கு. நாலு முழுத்தாளில் பென்சிலால் போட்டாள். அவசரச் செய்திகளுக்கு ஒரு வரிசை, சாவகாசமானவற்றுக்கு ஒரு வரிசை, அவசரத்துக்கு முதலிடம். ஒரு அவசரச் செய்திக்கு முன்னால் அதிகபட்சம் எத்தனை அவசரச் செய்திகள் நிற்க முடியும், எல்லாம் கடந்துபோக எவ்வளவு நேரம், இவற்றைக் கூட்டி ஒரு எண் கொண்டுவந்தாள். எது நடந்தாலும் இதற்கு மேல் தாமதம் ஆகாது என்று ஒரு கோடு. என் பங்கு, விமானத்தின் நெட்வொர்க்கை அப்படியே போலி செய்து ஓட்டிப் பார்க்கும் ஒரு நிரல் எழுதுவது. போலி செய்வது என்றால் என்னைத்தானே கூப்பிட வேண்டும்.

ஆயிரம் முறை ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதிகபட்சத் தாமதத்தை ஒரு புள்ளியாக வைத்தேன். தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று புள்ளிகள் அவள் கோட்டுக்குக் கீழே ஒழுங்காக அடங்கிக் கிடந்தன. பதினேழு மட்டும் கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

அவளிடம் காட்டியிருக்க வேண்டும். நான் துறைத்தலைவரிடம் காட்டினேன். அன்று அவள் வரவில்லை என்பதும் ஒரு காரணம். அவர் அறையில் மின்விசிறி ஓடும் என்பது இன்னொரு காரணம்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "என்னப்பா இது, மேல ஈ மொய்ச்ச மாதிரி?"

"தெரியல சார். பதினேழு மட்டும் தாண்டுது."

"ஆயிரத்துல பதினேழுதானே? எக்ஸ்டர்னல் பாத்தா நோண்டுவான். நீட்டா கொண்டாப்பா."

நீட்டாக. அந்தக் கல்லூரியின் மொத்தக் கல்விக் கொள்கையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோப்பைத் திறந்து, அளவு வரிசைப்படி அடுக்கி, உச்சியிலிருந்து பதினேழு வரியைப் பிடித்து ஒரே அழுத்து. பிறகு வரிசை எண்களைத் திருத்தினேன். கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு சின்ன வெற்றிடம் வந்து, கிராஃப் பட்டுப்புடவைக் கரை மாதிரி இருந்தது. மறுநாள் புவனகிரி அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட தாண்டலியா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நாலு வருடத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதற்காகவே இன்னொரு பதினேழை அழித்திருப்பேன், அவ்வளவு கேவலமான ஆள் நான்.

அவளுக்கு அந்தக் கோடு வெறும் கோடு இல்லை என்பது எனக்கும் தெரியும். விமானத்துக்கு மென்பொருள் எழுதும் பெங்களூர் நிறுவனம் ஒன்று அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. இணையத்தில் விளம்பரம் பார்த்து அவளாகவே புராஜெக்டைப் பற்றி எழுதிப் போட்டு வாங்கிய அழைப்பு. அவள் அப்பாவுக்கு வெள்ளாற்றங்கரையில் நெல் விவசாயம், கறாரான மனிதர். ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். "ஆர்டர் கையில வந்தா பெங்களூரு போ. வரலன்னா இந்தக் காலேஜிலயே லெக்சரரா சேந்துடு. பஸ்சு வாசலுக்கே வருது." எங்கள் துறைத்தலைவர் அவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, நேர்காணலில் கவிழ்ந்தால் அவள் காலம் முழுக்க இன்னொரு தலைமுறைக்கு நீட்டாகக் கொண்டுவரச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். அதைவிட மோசமான தண்டனை எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஏன் சொல்கிறேன், பிற்பாடு 2012 வரை அதை நானே அனுபவித்தேன்.

கிராஃபையும் இன்னும் அட்டை போடாத ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அவள் பெங்களூர் போனாள். திரும்பி வந்த அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல், தோளில் பையோடு நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நானும் பட்டாம்பாக்கமும் அட்டைக்கு எந்த விமானம் நல்லது என்று தீவிர ஆராய்ச்சியில் இருந்தோம்.

"கடலூரு. ஆயிரம் தடவ ஓட்டுனியே, ஒண்ணாவது கோட்டத் தாண்டுச்சா?"

"ஏன், என்னாச்சு?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"தாண்டல."

பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பின்னிணைப்பில் எல்லாப் புள்ளிகளின் அளவுகளையும் அச்சடித்திருந்தோம். "பக்கத்துக்கு அம்பது வரி. ஆயிரம்னா இருவது பக்கமும் முழுசா இருக்கணும். கடசிப் பக்கத்துல முப்பத்தி மூணுதான் இருக்குது. பஸ்சுல எண்ணிகினே வந்தேன். பாக்கிப் பதினேழு எங்க?"

ரீடிங் மன்னன் வரிசை எண்ணைத் திருத்தியிருந்தான். ஆயிரம் என்று எழுதியிருந்த மொத்தத்தைத் திருத்த மறந்திருந்தான். பட்டாம்பாக்கம் மெதுவாக எழுந்து, "பைண்டிங் கடையில ஒரு வேலை," என்று நழுவினான். எனக்கும் ஒரு பைண்டிங் கடை தேவைப்பட்டது.

சொன்னேன். ஈ மொய்ச்ச மாதிரி இருந்தது, சார் நீட்டா கேட்டார், நானும் அழகுக்காக. சொல்லச் சொல்ல எனக்கே காது கூசியது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்து, பெங்களூரில் நடந்ததைச் சொன்னாள். நேர்காணல் செய்தவர் பலகையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வரைந்தாராம். அவசரமில்லாத பெரிய பாக்கெட் ஒன்று பாதி கம்பியில் போய்க்கொண்டிருப்பதாக வரைந்தாராம். அந்த நிமிஷம் அவசரச் செய்தி ஒன்று வந்துவிட்டது. அது என்ன செய்யும் என்று கேட்டாராம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவசரத்துக்கு முதலிடம்தான், ஆனால் ஏற்கெனவே கிளம்பிவிட்டவனைப் பாதியில் வெட்ட முடியாது. அவன் முழுசாகப் போய்த் தொலைகிற வரைக்கும் நிற்க வேண்டும். அந்த ஒருவனை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"எனக்கு அங்கியே சுருக்குன்னுச்சு," என்றாள். "ஆனா ஆயிரம் தடவ ஓட்டியும் ஒண்ணுகூட தாண்டலியே, நெஜமாவே தப்பா இருந்தா தாண்டியிருக்குமேன்னு நெனச்சேன். அவுருகிட்டயும் அதான் சொன்னேன். எதையாவது எடுத்துட்டீங்களான்னு கேட்டாரு. இல்ல சார்ன்னேன். சத்தியம் பண்ற மாதிரி சொன்னேன். அவுரு ரிப்போர்ட்ட மூடிட்டாரு."

"அவ்ளோதானா?"

"இந்த வேலையில கணக்குத் தப்பு வந்தா திருத்திடலாம், தப்பக் காட்டுற புள்ளி காணாமப் போனா ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னாரு. அப்பறம் டீ குடிக்கிறீங்களான்னு கேட்டாரு."

எங்கள் கல்லூரியில் நாலு வருடம் கட்டிக்கொண்டு அழுத பாடங்களில் இந்த ஒரு வாக்கியம் எங்கேயும் இல்லை.

"கணக்குத் தப்பு என்துதான்," என்றாள். "அத நான் ஒத்துக்கறேன். தப்புன்னு சொல்லத்தான் பதினேழு பேரு மெனக்கெட்டு வந்தாங்க. நீ வாசல்லயே தொரத்திட்ட."

அழித்ததை எங்கே தேடுவது? பழைய கோப்பின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன். ஆனால் புவனகிரி ஒரு காரியம் செய்திருந்தாள். ஒவ்வொரு ஓட்டத்திலும் எது எப்போது கிளம்பும் என்ற தற்செயலைத் தொடங்கிவைக்க ஒரு எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே தற்செயல் மறுபடி அப்படியே நடக்கும். அந்த ஆயிரம் எண்களையும் அவள் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். அவள் எழுதும்போதே நான் கிண்டல் செய்திருக்கிறேன், மளிகை லிஸ்டா என்று.

மூன்று நாள் அவள் எண்ணைப் படிக்க, நான் தட்டி ஓட்டினேன். தேநீருக்கு எழுந்தால்கூட, "எங்க போற?" என்பாள். மூன்றாம் நாள் மத்தியானம் பதினேழாவதும் திரும்பி வந்தது. பதினேழையும் பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பாக்கெட் அப்போதுதான் கிளம்பியிருந்தது. பின்னால் அவசரக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். கோட்டுக்கு மேலே ஏறிய உயரம், அந்தப் பெரியவன் கம்பியைக் கடக்கும் நேரத்தை ஒன்றில்கூடத் தாண்டவில்லை. அந்த நேரத்தைக் கூட்டி, கோட்டை மேலே தூக்கிப் போட்டாள். ஆயிரமும் கீழே அடங்கின. மிக உயரத்தில் இருந்த புள்ளி புதுக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அழகு என்றால் அதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்சம் லேட்டாகத்தான், என் செய்திகள் எப்போதுமே அப்படித்தான் போய்ச் சேரும்.

ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் புதிதாக எழுதினாள்: முதல் கணக்கில் விடுபட்டது இது, அதைக் காட்டிய பதினேழு ஓட்டங்கள் இவை. துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு நிஜமாகவே பயந்துபோனார்.

"நான் தப்பு பண்ணேன்னு எவனாவது ரிப்போர்ட்ல எழுதுவானாம்மா?"

"நான் எழுதுவேன் சார்."

எக்ஸ்டர்னல் வந்தார். அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. அட்டையைப் பார்த்து, "இது எந்த ஊரு ஃபிளைட்டு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பட்டாம்பாக்கம் சளைக்காமல் பதில் சொன்னான். மூன்று பேருக்கும் ஒரே மதிப்பெண். எண்ணியவளுக்கும் அழித்தவனுக்கும் அட்டையில் படம் ஒட்டியவனுக்கும் ஒன்றே. இப்படி ஒரு தராசை வேறெங்கும் பார்க்க முடியாது.

இதற்கு முன்பே, பதினேழும் திரும்பி வந்த அன்றைக்கே, சிதம்பரம் மேல வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் அந்தப் பெங்களூர்காரருக்கு மெயில் எழுதினாள். ஆயிரம் அளவுகள், பழைய கோடு, புதுக் கோடு எல்லாவற்றையும் இணைத்தாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. எட்டிப் பார்த்தேன், திரையை மறைத்துக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. வாரங்கள் போயின. பதில் எப்போது வரும் என்று கணக்குப் போட அந்த நெட்வொர்க்குக்கு எந்தக் கோடும் கிடையாது. அவள் அப்பா லெக்சரர் விண்ணப்பத்தை வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட்டார். அவள் அதை நிரப்பினாள். கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருக்கிறாள் என்று பட்டாம்பாக்கம் வந்து சொன்னான். அந்த நாட்களில் மட்டும் நான் யாருக்கும் ரீடிங் அடித்துக்கொடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கை ஓடவில்லை.

ஜூன் மாதம் ஆர்டர் வந்தது. மறு நேர்காணல்கூட இல்லை.

நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம் வீணாகக் கூடாது என்று துறைத்தலைவருக்கு ஒரே கவலை. அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். வேறெங்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அவளை வழியனுப்பப் போனோம். அவள் அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் பெங்களூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநரும் நாலாவது முறையாக, "சராசரியா ஆறு மணிக்குப் போயிடும் பெரியவரே," என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புவனகிரி எங்களைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு நப்பாசை. மூன்று நாள் தட்டியிருக்கிறேன். நிரல் என்னுடையது. அந்தப் பெங்களூர்காரர் நல்ல மனிதர் மாதிரி தெரிகிறது. என் பெயரும் அவர் கண்ணில் பட்டிருந்தால், நாளைக்கு ஒரு இடம் காலியானால், யார் கண்டது? பட்டாம்பாக்கம் என் விலாவில் இடித்தான், "வேணாம் மச்சான், கேக்காத." பஸ் உறும ஆரம்பித்துவிட்டது. கேட்டுவிட்டேன்.

"புவனகிரி, அந்த மெயில்ல என் பேரையும் போட்டியா?"

"போட்டேன், பதினேழையும் அழிச்சது யாருன்னு."